கருவளையத்துக்குக் கிறீம் வாங்க முதல் கண்ணாடியைப் பாருங்கோ

ஏ.எல் படித்த காலத்தில் என் தங்கச்சிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. நித்திரை முழிப்புத்தான் என்று வீட்டில் முடிவுகட்டினோம். சோதனை முடிந்து நன்றாக நித்திரை கொண்டும் கறுப்புப் போகவில்லை. அவளுக்குத் தூசு ஒவ்வாமை. ஓயாமல் கண்ணைக் கசக்கியதில் வந்த கறுப்பு அது. காரணம் தெரியாமல் கிறீம் பூசினால் காசுதான் வீண்.

முதல் வேலை இதுதான். முகம் கழுவி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் கண்ணாடியோடு நில்லுங்கோ. கீழ்க்கண் தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கோ. மண்ணிறம் அப்படியே தோலோடு நகர்ந்தால் அது தோலில் நிறமி கூடியது: காரணம் பரம்பரை, வெயில், கசக்கல். இழுக்கும்போது ஊதா கூடினால், மெல்லிய தோலுக்குள்ளால் இரத்தக்குழாய் தெரிகிறது. இனி முகத்தை வெளிச்சத்தை நோக்கி நிமிர்த்துங்கோ. கறுப்பு மறைந்தால் அது கண்குழியின் நிழல். அதற்குக் கிறீம் உதவாது. பலருக்கு இவை கலந்தே இருக்கும்.

அடுத்து கீழிமையின் உட்புறத்தைப் பாருங்கோ. வெளிறியிருந்து, களைப்பும் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ. இரும்புச்சத்துக் குறைந்தால் முகம் வெளிறி, கருவளையம் எடுப்பாகத் தெரியும். முருங்கையிலை வறைக்குத் தேசிப்புளி விடுங்கோ, இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற எங்கள் பழக்கம் அதைக் கெடுக்கும். ஒரு மணித்தியாலமாவது கழியட்டும்.

நிறமி என்றால் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிறீம் காலையில் கட்டாயம். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் ஸ்கூட்டியில் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடியும் போடுங்கோ. இரவில் விற்றமின் சி கிறீம் அல்லது றெற்றினோல் (விற்றமின் ஏ வகை) கிறீம் அரிசியளவு பூசுங்கோ, முதலில் கிழமைக்கு இரண்டு நாள். கர்ப்பிணிகளுக்கு றெற்றினோல் வேண்டாம். மாற்றம் தெரிய மூன்று மாதமாவது செல்லும்.

காலை வீக்கத்துக்கு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கோ. தலையணையைச் சற்று உயர்த்துங்கோ.

தேசிக்காய்ச் சாற்றைக் கண்ணோரம் பூசாதேங்கோ, எரித்துப் புண்ணாக்கி இன்னும் கறுக்க வைக்கும். லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களைத் தொடவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சிலவற்றில் பாதரசமோ ஸ்ரிறொயிட்டோ இருக்கும். கண்ணோரம் நெடுநாள் பூசும் ஸ்ரிறொயிட் கண் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையையே பறிக்கலாம்.

ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கறுத்தாலோ வீங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், டொக்டரிடம் போங்கோ. தங்கச்சிக்கும் டொக்டர் கொடுத்தது ஒவ்வாமைக் குளிசைதான், கிறீம் இல்லை.