ஹத்தாத் என்றால் எந்த ஹத்தாத்?

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடிப் படிப்பகத்தில் பசங்களை வினாடி வினாவுக்குத் தயார் செய்கிறேன். அரபுக் குடும்பப் பெயர் வந்தாலே அவர்களுக்குக் குழப்பம்தான். ஒரே பெயரில் நாலு நாட்டில் ஆள் இருப்பார்கள். ஹத்தாத் என்ற பெயரை வைத்து நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது.

ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அட்டை வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஹத்தாத்துக்கும் ஒரு துண்டு. முன்பக்கம் நாடு, பிறந்த, இறந்த ஆண்டு, செய்த வேலை. பெயர் பின்பக்கம்தான். பெயரை முன்னால் எழுதினால் பையன் அதை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விடுவான்.

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். மண்ணடிப் பக்கத்துப் பசங்களில் சிலருக்கு ஹத்தாது ராத்திபு என்ற திக்ருத் தொகுப்பை ஓதுவது வீட்டிலேயே காதில் விழுந்திருக்கும். அதைத் தொகுத்த இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாத் ஏமனின் தரீம் ஊர்க்காரர், 1634 முதல் 1720 வரை வாழ்ந்தவர். சின்ன வயதிலேயே அம்மை கண்டு பார்வை போனவர். பெயருக்கு முன்னால் வரும் அந்த ‘அல்’லை வைத்து அடுக்காதீர்கள். ‘ஹ’ வரிசையிலேயே வையுங்கள்.

அடுத்து துனிசியாவின் தாஹர் ஹத்தாத், 1899–1935. பெண்களின் உரிமைக்காக 1930இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு மார்க்க அறிஞர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 1956இல் துனிசியா கொண்டுவந்த குடும்பச் சட்டத்தில் அவருடைய கருத்துகள் இடம்பிடித்தன. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. என்னைக் கேட்டால் இந்த அட்டைக் கட்டுக்குள் முதலில் படிக்க வேண்டியவர் இவர்தான்.

இனி கண்ணி. அல்ஜீரியக் கவிஞர் மாலிக் ஹத்தாத் இறந்தது 1978. பாலஸ்தீன ஆயுதக்குழுத் தலைவர் வாதி ஹத்தாத் இறந்ததும் 1978. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தவன் இங்கே மாட்டுவான். முன்னவர் பிரெஞ்சில் எழுதியவர் என்ற ஒரு வரி இருந்தால் தப்பலாம். வாதியோடு லெபனான் மேஜர் சஅத் ஹத்தாதையும் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் இஸ்ரேலை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர், மற்றவர் இஸ்ரேலின் துணையோடு தென் லெபனானில் படை நடத்தி 1984இல் இறந்தவர். இருவருமே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அரபுப் பெயர் என்றால் முஸ்லிம்தான் என்று சொல்லும் பையனுக்கு இந்த இரண்டு துண்டையும் காட்டுங்கள். பெயரை வைத்துச் சொந்தம் கொண்டாடவும் விடாதீர்கள். கொல்லர் தொழிலால் வந்த பெயர், ஒட்டு உறவே இல்லாத குடும்பங்களிலும் இருக்கும்.

பிரேசிலுக்கு இரண்டு துண்டு. வியாசர்பாடிப் பசங்களுக்குப் பிரேசில் என்றால் கால்பந்து மட்டும்தான், அதனால் இது கொஞ்சம் இழுக்கும். பெர்னாண்டோ ஹத்தாத் சாவ் பாவ்லோ மேயராக இருந்தவர், 2018 அதிபர் தேர்தலில் போல்சனாரோவிடம் தோற்று 2023இல் நிதியமைச்சரானவர். டென்னிஸ் வீராங்கனை பெயாட்ரிஸ் ஹத்தாத் மாயா 2023 பிரெஞ்சு ஓப்பனில் அரையிறுதி வரை வந்தவர். அங்கே பொதுவாக அம்மா வீட்டுப் பெயர் முதலில், அப்பா வீட்டுப் பெயர் பின்னால். நம்மைப் போல இனிஷியல் கிடையாது. அதனால் இவரை ‘மாயா’ என்று தேடினாலும் கிடைக்கும்படி இன்னொரு துண்டு எழுதிவிடுங்கள்.

தமிழில் ஹத்தாத், ஹதாத், ஹடாட் என்று பத்திரிகைக்கு ஒரு விதமாக அச்சடிப்பார்கள். மூன்றையும் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஹத்தாத் படிந்ததும் மன்சூர் என்ற பெயரை எடுங்கள். அது இன்னும் சிக்கல். 2013–14இல் எகிப்தின் இடைக்கால அதிபராக இருந்த அத்லி மன்சூருக்கு அது குடும்பப் பெயர். பாக்தாத் நகரை 762இல் நிறுவிய கலீபாவுக்கோ அது பட்டம். அங்கே அட்டையில் ‘எந்த வகைப் பெயர்’ என்று இன்னொரு வரி வேண்டும்.