படை உரிக்கிறதும் ஸ்பின் வாசிக்கிறதும்

உயர்தரப் பௌதிகம் முடித்த பிள்ளைகள் கொக்குவிலுக்கு என்னிடம் வந்து குவாண்டம் பற்றிக் கேட்டால், முதலில் ஒரு துண்டுக் காரீயத்தையும் (கிராபைற்று) ஒட்டுரேப்பையும்தான் கையில் கொடுப்பேன். படை உரிக்கக் கை பழகினால், இலத்திரனைச் சின்னக் காந்தம் போல நடக்கவைக்கிற ஸ்பின் என்ற குவாண்டம் இயல்பை ஒளியால் வாசிக்கிற வரை போகலாம். 2004 இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் காரீயத்தின் ஒரேயொரு அணுத் தடிப்புப் படையான கிராபீனைப் பிரித்தெடுத்தது ரேப்பால்தான். 2010 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. எங்கள் நாட்டுப் போகல, கஹட்டகஹச் சுரங்கங்களில் பாறை இடுக்கில் நரம்பாய் ஓடுகிற காரீயம் தூய்மைக்குப் பெயர்போனது, அதில் ஒரு சின்னக் கட்டி போதும். பென்சில் கூர் சரிவராது, அதில் களிமண் கலந்திருக்கு.

கூர்ச் சாவணத்துக்கு யாழ்ப்பாணம் கன்னாதிட்டிப் பக்கம் போங்கோ. நகைத்தொழில் செய்கிறவர்கள் பாவிக்கிற சாவணத்தைவிட நல்லது எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. உரித்த படையை ஒட்டிப் பார்க்கிற சிலிக்கன் தகட்டை மட்டும் வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கவேணும். அதன் மேலே 285 அல்லது 300 நனோமீற்றர் ஒட்சைட்டுப் படலம் இருக்கவேணும், இந்த எண்ணில் விட்டுக்கொடுக்காதேங்கோ. மழைத்தண்ணியில் பெற்றோல் சிந்தினால் நிறம் தெரிகிற அதே ஒளித் தலையீடுதான் இங்கேயும் வேலை செய்கிறது. தடிப்புச் சரியாக இருந்தால் ஒரேயொரு அணுத் தடிப்புள்ள படைகூடத் தகட்டின் ஊதா நிறத்தை ஒரு சாயல் மாற்றிக் காட்டும்.

பள்ளிக்கூடத்தில் வெங்காயத் தோல் பார்க்கிற நுணுக்குக்காட்டி உதவாது. அதில் ஒளி கீழிருந்து வரும், சிலிக்கன் அதை மேலே விடாது. உலோகம் பார்க்கிற வகை, அதாவது மேலிருந்து ஒளி விழுத்துகிறது, வேணும்.

தகட்டை அசற்றோனிலும் பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோலிலும் கழுவி, காற்றுப் பந்தால் ஊதி உலர்த்துங்கோ. பளபளக்கிற செதில் ஒன்றைப் பசைப்பக்கத்தில் வைத்து, ரேப்பை மடித்து ஒட்டி, மெதுவாய்ப் பிரியுங்கோ. ஒவ்வொரு முறையும் புது இடத்தில் ஒட்டவேணும். பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம் வந்தவுடன் நிறுத்துங்கோ. ஆசையில் இன்னும் உரித்தால் படை மெலியாது, தூளாய்ப் போகும். பிறகு ரேப்பைத் தகட்டில் அழுத்தி, ஹொட் பிளேற்றில் 100 பாகை செல்சியசில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மிக ஆறுதலாய் உரியுங்கோ. சூட்டில் இடையில் சிக்கிய வாயு வெளியேறுவதால் பெரிய படைகள் ஒட்டும். எங்கள் ஊர் மாரிகாலத்தில், ரேப் ஒட்ட முன்பே தகட்டை ஒருதரம் சூடாக்கி ஈரத்தை விரட்டுவது நல்லது. சோளகம் அடிக்கிற மாதங்களில் யன்னலைச் சாத்தி ஃபானையும் நிறுத்துங்கோ. வேர்க்கும்தான், ஆனால் புழுதி விழுந்த தகட்டில் தேடுகிறது அதைவிடக் கொடுமை.

போனில் படம் எடுத்தால் பச்சை நிறத்தை மட்டும் பிரித்துப் பாருங்கோ. 300 நனோமீற்றர் ஒட்சைட்டில் கிராபீன் பச்சை ஒளியில்தான் வடிவாய்த் தெரியும்.

கை பழகிவிட்டால் அறுகோணப் போரன் நைத்திரைட்டுக்குப் போகலாம், அது போரனும் நைதரசனும் தேன்கூடு போல் அடுக்கின படைப்பொருள். உரிக்கிற முறை அதேதான், கண்ணுக்குத்தான் வேலை கூட. இதன் சக்தி இடைவெளி, அதாவது இலத்திரனைக் கிளப்பத் தேவையான சக்தி, ஏறக்குறைய 6 இலத்திரன்வோல்ற்று என்பதால் பார்க்கக்கூடிய ஒளியை உறிஞ்சாது, ஒற்றைப்படை கண்ணில் படுவதே அரிது. ஸ்பின் வேலைக்கு ஒற்றைப்படையைத் தேடி மினைக்கெடாதேங்கோ என்றுதான் நான் சொல்லுவேன். 20 முதல் 50 நனோமீற்றர் தடிப்பில், தட்டையாய், பசை ஒட்டாமல் இருக்கிற படை போதும். காந்தப்புலம் அளக்கவேண்டிய பொருளின் மேலேயே படையைப் போர்த்தலாம் என்பதுதான் இந்தப் பொருளின் பெருமை. இதே வேலைக்குப் பாவிக்கிற, வைரத்துக்குள்ளே இருக்கிற நைதரசன் குறைபாட்டை (குறைபாடு என்றால் அணு ஒழுங்கு பிசகின இடம்) அவ்வளவு கிட்டக் கொண்டுபோவது இலேசில்லை.

போரன் அணு ஒன்று இல்லாமற்போன இடத்தில் ஒரு மேலதிக இலத்திரன் வந்து சேர்ந்தால், அங்கே ஸ்பின் 1 உள்ள குறைபாடு உருவாகும். அறைவெப்பநிலையிலேயே அதை ஒளியால் வாசிக்கலாம் என்று 2020 இல் வூர்ஸ்பேர்க், சிட்னி ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதை உண்டாக்க நியூத்திரன் கதிரோ அயன் கற்றையோ வேணும். இலங்கையில் அணு உலை இல்லை, எனவே கதிர்வீச்சு வேலையை வெளியே அனுப்பித்தான் செய்விக்கவேணும்.

மிச்சத்தை மேசையில் பார்க்கலாம். 532 நனோமீற்றர் பச்சை லேசரை அடித்தால் 800 நனோமீற்றரைத் தாண்டிய பகுதியில் மங்கலான ஒளிர்வு வரும். கூடவே, படைக்குப் பக்கத்தில் வைத்த செப்புக்கம்பி வளையத்தில் மைக்ரோவேவ் ஓட்டி, அதிர்வெண்ணை மெல்ல மாற்றுங்கோ. 3.48 கிகாஹேர்ட்ஸ் அளவில் ஸ்பின் புரண்டு ஒளிர்வு சற்றுக் குறையும். நாங்கள் தேடுகிற பள்ளம் அதுதான்.

மலிவான பச்சை லேசர்களில் ஒரு கள்ளம் இருக்கு. உள்ளே 808 நனோமீற்றர் டயோட்டு ஒன்று வேலை செய்கிறது, அதன் கசிவு எங்கள் ஒளிர்வு வருகிற இடத்திலேயே வந்து விழும். உணரிக்கு முன்னால் பச்சையை மறிக்கிற வடிகட்டி வைத்தால் போதாது, லேசர் வாயிலேயே செந்நிறக்கீழ் ஒளியை மறிக்கிற வடிகட்டியும் வேணும். இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைச் சுடும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஆளியைத் தொடாதேங்கோ.

இனிப் பென்சிலை எடுங்கோ. காந்தப்புலத்தைப் படைக்குச் செங்குத்தாய் வைத்தால் ஒவ்வொரு மில்லிரெஸ்லாவுக்கும் பள்ளம் இரண்டாய்ப் பிரிந்து இருபக்கமும் 28 மெகாஹேர்ட்ஸ் நகரும். 10 மில்லிரெஸ்லாவில் ஒன்று 3.20, மற்றது 3.76 கிகாஹேர்ட்ஸ் அளவில் நிற்கும். குறைபாட்டைச் சுற்றி மூன்று நைதரசன் அணுக்கள். அவற்றின் கருக்களுக்கும் ஸ்பின் 1 என்பதால் ஒவ்வொரு பள்ளமும் ஏழாய்ப் பிரியும். ஆழ விகிதம் 1, 3, 6, 7, 6, 3, 1, இடைவெளி ஏறக்குறைய 47 மெகாஹேர்ட்ஸ். முதலில் இருந்து ஏழாவது வரை 282 மெகாஹேர்ட்ஸ் அகலம் வரும். புலம் 5 மில்லிரெஸ்லாவுக்குக் கீழே இருந்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எதையும் எண்ணமுடியாது. ஏழு தெரியவில்லை என்று லேசரைக் கூட்ட முன், காந்தத்தைக் கிட்டத் தள்ளிப் பாருங்கோ. லேசரைக் கூட்டினால் படை சூடாகி நடு அதிர்வெண்ணே கீழிறங்கும், பிறகு அது காந்தத்தின் வேலையோ சூட்டின் வேலையோ என்று பிரித்தறிய இன்னொரு அளவீடு எடுக்கவேண்டி வரும்.