கை வைத்ததும் வலி குறைந்தது: ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் அத்தைக்கு ஏழெட்டு வருஷமாக முட்டிவலி. போன மழைக்காலத்தில் வலி தாங்க முடியாமல் புதுச்சேரியில் ஒருவரிடம் பிராண சிகிச்சைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அவர் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்தார். முட்டியைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்து, எதையோ வழித்தெடுத்துப் பக்கத்தில் இருந்த உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறுவதுபோல இருபது நிமிடம் செய்தார். எழுந்த அத்தை கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்கினார்.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய வாக்குவாதம். "இது நம்ம பாரம்பரியம், வெள்ளைக்காரன் மாத்திரை வயித்தப் புண்ணாக்கும்" என்றார் மாமா. "எல்லாம் ஏமாத்து வேலை" என்றான் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருமே எதையும் ஒப்பிடவில்லை. ஆளுக்கு ஒரு கட்சியைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

முதல் தவறு அந்த 'நம்ம பாரம்பரியம், வெள்ளைக்காரன் மருந்து' என்ற பிரிவிலேயே இருக்கிறது. இதேபோல் கையை வைத்துச் செய்யும் ரெய்கி என்ற சிகிச்சையை ஜப்பானில் மிக்காவோ உசுயி தொடங்கியது 1922-ல். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் முதன்முதலில் போடப்பட்டதும் அதே 1922-ல்தான். மாமா சொன்ன பிராண சிகிச்சை முறையைப் பிலிப்பைன்ஸில் சோவா கோக் சுய் உலகுக்குக் கொண்டுவந்தது 1980-களில். ஆனால் கோரிமேட்டு ஜிப்மரின் வேர், பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி. ஆக, இந்த ஊரில் ஆஸ்பத்திரி மருத்துவம்தான் ரெய்கியைவிடப் பழையது. வயதை வைத்து எது சரி என்று முடிவு செய்ய முடியாது. இன்னொன்று, சித்த மருத்துவத்தை இந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசாதீர்கள். அங்கே மூலிகை இருக்கிறது, கஷாயம் இருக்கிறது, அளவு இருக்கிறது. அதைச் சோதிக்கும் வழியே வேறு.

அடுத்தது, இந்தச் சிகிச்சை செய்பவர்கள் சொல்லும் 'சக்தி' என்ற சொல். இயற்பியலில் ஆற்றல் என்றால் ஜூல் என்ற அலகில் அளக்கக்கூடிய ஒன்று. இதயத்தின் மின்சாரம் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கிறது, இருந்தாலும் இ.சி.ஜி. அதைப் பிடித்துவிடுகிறது. உடலைச் சுற்றி ஓடுவதாகச் சொல்லும் சக்தியை எந்தக் கருவியும் இப்படிப் பிடித்ததில்லை. ஒளிவட்டம் என்று படம் எடுத்துக் காட்டுகிறார்களே, விரலை மின்தகட்டில் வைத்து எடுக்கும் அந்தக் கிர்லியன் படம் விரலின் ஈரத்தைப் பொறுத்து மாறும் என்று 1976-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். நம் கடற்கரைப் புழுக்கத்தில் யார் விரல்தான் காய்ந்திருக்கும்?

கருவி வேண்டாம், கையே உணரும் என்பார்கள். அதையும் ஒரு சிறுமி சோதித்தாள். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுப் பெண், இதுபோல் கையால் சிகிச்சை செய்யும் 21 பேரை உட்காரவைத்து, நடுவே ஒரு அட்டையை நிறுத்தினாள். அதிலிருந்த ஓட்டைகள் வழியே அவர்கள் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அவள் காசைச் சுண்டி, அதில் விழுந்தபடி ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது இது. ஒரு துண்டும் ஒரு ரூபாய்க் காசும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

"அறிவியலுக்குக் காரணம் புரியலை, அதனால ஒத்துக்க மாட்டேங்குது" என்பதும் தவறுதான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு வைத்தியம் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள்தான் சட்டென்று தேறினார்கள். வைட்டமின் சி என்ற பெயரே அன்று கிடையாது. ஏன் என்று தெரிவதற்கு முன்பே, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட முடியும். அதற்குத் தேவை, அந்த வைத்தியம் செய்துகொள்ளாத இன்னொருவர்.

எங்கள் வீட்டு வாக்குவாதத்தில் இல்லாமல் போனது அந்த இன்னொருவர்தான். நம் பக்கத்துக் கிராமங்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வார்கள். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் அவர் எழுதுவார், காவி காயும்போது சில்லென்று இருக்கும், எரிச்சல் அடங்கும். சில வாரத்தில் கொப்புளம் உதிர்ந்துவிடும். எழுதாமல் விட்டாலும் அக்கி பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஆறிவிடும் என்பது கணக்கில் வருவதே இல்லை. ஆனால் அக்கி வைரஸால் வருவது, அதற்கான மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அதிலும் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணுக்கே ஆபத்து. எழுதிக்கொள்ளக் காத்திருந்த மூன்று நாள் திரும்பி வராது. அத்தையின் முட்டிவலியும் இப்படித்தான், ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் யாரிடமாவது போகிறோம். அதற்குப் பிறகு இறங்கத்தானே செய்யும்?

சரி, அப்படியென்றால் அத்தை படி இறங்கியது பொய்யா? இல்லை. இங்கேதான் தம்பி தவறு செய்தான். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 39 ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்புட்டமால் மருந்து, மருந்தில்லாத வெறும் இன்ஹேலர், பொய் அக்குபங்சர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சில நாள் எதுவுமே கொடுக்கவில்லை. மருந்து, வெறும் இன்ஹேலர், பொய் ஊசி மூன்றிலும் நோயாளிகள் ஏறக்குறைய ஒரே அளவு தேறியதாகச் சொன்னார்கள். ஊதவைத்து அளந்தபோது மருந்துக்கு 20 சதவீதம் முன்னேற்றம், மற்ற எல்லாவற்றுக்கும் 7 சதவீதம்தான். அவர்கள் சொன்ன நிம்மதி உண்மை. மூச்சுக்குழாய் திறக்காததும் உண்மை. 'நல்லா இருக்கு' என்பதையும் 'நோய் குறைந்தது' என்பதையும் தனித்தனியாகக் கேட்கப் பழகாவிட்டால், அடுத்த மூச்சுத்திணறலில் இன்ஹேலரை எடுக்காமல் உட்கார்ந்திருப்போம்.

இருபது நிமிடம் ஒருவர் தன் வலியை மட்டுமே கவனித்தது அத்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அது கிடைப்பதில்லை. அந்தக் குறையை ஆஸ்பத்திரிகள்தான் சரிசெய்ய வேண்டும். பாரம்பரியத்தைச் சோதிக்கவே கூடாது என்பதும் இல்லை. ஜிப்மரின் உடலியங்கியல் துறையினரே யோகாவும் பிராணாயாமமும் மூச்சுத் திறனை என்ன செய்கின்றன என்று அளந்து எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அத்தை மாதம் ஒருமுறை அங்கே போய்வருகிறார். நான் தடுப்பதில்லை. சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது, நெஞ்சுவலி வந்தால் அங்கே போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். காலண்டரில் தினமும் இரண்டு எண் குறிக்கிறார். வலி பத்துக்கு எவ்வளவு, மாடிக்கு எத்தனை தடவை ஏறினார். போன மாதத் தாளில், சிகிச்சைக்குப் போன மறுநாள் வலி நான்கிலிருந்து இரண்டானது. மூன்றாம் நாள் திரும்பவும் நான்கு. மாடி ஏறிய கணக்கு, பிசியோதெரபிஸ்ட் சொன்ன தொடைப் பயிற்சியைத் தொடங்கிய வாரத்திலிருந்துதான் கூடியிருக்கிறது.