ஃபார்மேட் போட்டும் அடங்காத சிஸ்டம்: ரேம் சந்தேகம் வந்தால் செய்யக்கூடாதவை

திங்கட்கிழமை நீலத்திரை. செவ்வாய்க்கிழமை பிரவுசரின் டேப்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. வெள்ளிக்கிழமை, நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த ஜிப் கோப்பு சிஆர்சி பிழை, அதாவது உள்ளே தரவு கெட்டிருக்கிறது, என்கிறது. நீலத்திரையிலும் ஒருமுறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’, மறுமுறை ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’, அடுத்தமுறை ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. இப்படி மாறுவதே ஒரு துப்புதான். டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வரும். ரேமில் ஒரு செல் (தரவு தங்கும் மிகச் சிறிய இடம்) கெட்டிருந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எது வந்து உட்கார்ந்ததோ அது விழும்.

இந்த நிலையில் முதல் ஆளாக வரும் யோசனை, ‘ஒரு ஃபார்மேட் போட்டுடலாம்’. செய்யவே கூடாதது அதுதான். விண்டோஸை நிறுவும்போது ஒவ்வொரு கோப்பும் ரேமுக்குள் விரிந்த பிறகே எஸ்எஸ்டியில் எழுதப்படுகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால் (0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறினால்) புரண்ட கோப்புதான் டிஸ்கில் பதியும். அப்புறம் புது ரேம் வாங்கிப் போட்டாலும் நீலத்திரை நிற்காது. பழி புது ரேம் மேல் விழும். பேக்கப்புக்கும் இதே கதி. பெங்களூர் சிக்பேட்டையில் டாலி கணக்கு மென்பொருள் ஓடும் கடை சிஸ்டமானாலும், வீட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சிஸ்டமானாலும், சந்தேகம் வந்த நாளிலிருந்து பழைய பேக்கப்பின் மேல் புதியதை எழுதாதீர்கள். அவசரமாக எடுத்தே ஆகவேண்டுமானால் அதைத் தனி டிஸ்கில் வையுங்கள்.

‘டிஸ்ப்ளே வருதே, ரேம் நல்லாத்தான் இருக்கு’

பெங்களூரில் அடுத்த வழக்கம், ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்புவது. கடைக்காரர் தன் மேஜையில் இருக்கும் போர்டில் செருகுவார், டிஸ்ப்ளே வரும், ‘நல்லா இருக்குதே சார்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பூட் ஆவது ஒரு சோதனையே கிடையாது. 16 ஜிபி ரேமில் கெட்டது சில செல்கள் மட்டும் என்றால் சிஸ்டம் பூட் ஆகும், யூட்யூப் ஓடும், அரை மணி நேரம் சாதுவாக இருக்கும். மும்பை லாமிங்டன் ரோட்டிலும் டெல்லி நேரு பிளேஸிலும் இதே ஐந்து நிமிடச் சோதனைதான் நடக்கும். மணிக்கணக்கில் மேஜையை விட்டுத்தர எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. அந்த வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் செய்பவர்களும் விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டி, பிழை இல்லை என்றதும் ரேமுக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறார்கள். அது வழக்கமாக ஸ்டாண்டர்டு முறையில் 2 சுற்றுதான் ஓடும். எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் முறைக்கு மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது பிழை என்று சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் அதோடு விடக்கூடாது.

பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் கருவிகள் இரண்டு உண்டு: மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86 பிளஸ். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. முதலாவதன் இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நின்றுவிடும். அதன் முதல் சுற்று சுருக்கமானது, அதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். இரண்டாவது திறமூல மென்பொருள், நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். எதுவானாலும் ராத்திரி படுக்கும்முன் தொடங்கி விடியும்வரை விடுங்கள். யுபிஎஸ் இருந்தால் நல்லது; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரண்ட் போய் வந்தால் சோதனை முதலிலிருந்துதான். கேபினட்டின் பக்கத் தகட்டை மூடியே வையுங்கள். ரேம் சூடேறியபின் மட்டும் வரும் பிழைகள் உண்டு. தகட்டைத் திறந்து ஃபேன் காற்றில் சோதித்தால் அவை ஒளிந்துகொள்ளும்.

எத்தனை பிழை வரை பரவாயில்லை என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஒன்றுகூடக் கூடாது. மெம்டெஸ்ட்86-இல் 13ஆம் சோதனையான ஹேமர் டெஸ்ட்டில் மட்டும் பிழை வந்தால் கொஞ்சம் நிதானிக்கலாம். ரேம் செல்களின் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப அடித்து, பக்கத்து வரிசை புரள்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அன்றாட வேலையில் அப்படி நடப்பது அரிது. மற்ற எந்தச் சோதனையிலும் ஒரு பிழை வந்தாலே எங்கோ கோளாறு இருக்கிறது.

எக்ஸ்எம்பியை அணைக்காமல் சோதிப்பது

‘எங்கோ’ என்றதற்குக் காரணம் உண்டு. பிழை வந்தால் ரேம் ஸ்டிக் செத்தது என்று அர்த்தமில்லை. வேண்டாத செலவு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

பெட்டியில் 3600 என்று அச்சடித்த டிடிஆர்4 ரேம் அந்த வேகத்தில் தானாக ஓடாது. பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கினால்தான் ஓடும். டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதைப் பொதுவாக 1.35 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் இயல்பு 1.1 வோல்ட், ஏஎம்டி போர்டுகளில் இதே வேலையை எக்ஸ்போ செய்யும். இது ஒருவகை ஓவர்கிளாக்கிங்தான், அதாவது இயல்பைவிட வேகமாக ஓட்டுவது. ரேம் தாங்கும், ஆனால் உங்கள் சிபியூவுக்குள் (கேபினட் அல்ல, பிராசசர் சிப்) இருந்து ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் சேர்ந்து தாங்குமா என்பது வேறு கேள்வி.

எனவே முதலில் பயாஸில் லோட் டிஃபால்ட்ஸ் கொடுத்து எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு ராத்திரி சோதியுங்கள். பிழை மறைந்தால் ஸ்டிக்கைத் தூக்கி எறிய வேண்டாம். பயாஸை அப்டேட் செய்து, வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி பாருங்கள். எக்ஸ்எம்பி இல்லாமலும் பிழை வந்தால்தான் ஸ்டிக், ஸ்லாட் என்று இறங்க வேண்டும். ஒன்று: விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால், பயாஸைத் தொடும்முன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ, செக்யூர் பூட்டை மாற்றிய பிறகோ அது கேட்டால், வேறு வழி கிடையாது.

இரண்டு ஸ்டிக்கோடு நன்றாக ஓடிய சிஸ்டத்தில், அதே மாடலில் இன்னும் இரண்டை வாங்கிச் செருகியதும் தொல்லை தொடங்குவது இதன் இன்னொரு முகம். ரைசன் 7000 வரிசை சிபியூக்களுக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரப்பூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200. நான்கு போட்டால் 3600. இது தெரியாமல் நான்கையும் 6000-இல் ஓட்டி, ‘இந்த பிராண்டே சரியில்லை’ என்பவர்கள் நிறைய. 32 ஜிபி வேண்டுமென்றால் ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி வாங்குவதே மேல்.

டிடிஆர்5-இல் ஒரு பொறுமைச் சோதனையும் உண்டு. ரேம் மாற்றியபின், அல்லது பயாஸ் ரீசெட் ஆனபின், முதல் பூட்டில் மெமரி டிரெயினிங் நடக்கும்; ரேமோடு எப்படி ஒத்துப்போவது என்று போர்டு சரிபார்த்துக்கொள்ளும் வேலை அது. திரை கறுப்பாகச் சில நிமிடங்கள் இருக்கும், மதர்போர்டில் ரேமைக் குறிக்கும் ‘டிராம்’ (DRAM) விளக்கு எரியும். செத்துவிட்டது என்று பவரைப் பிடுங்கினால் அது முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் விடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவது

ஸ்டிக்குகளுக்குப் பேப்பர் டேப்பில் 1, 2 என்று எழுதி ஒட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ஒற்றை ஸ்டிக் போக வேண்டிய இடம் பெரும்பாலும் ஏ2, அதாவது சிபியூவிலிருந்து இரண்டாவது. முதல் ஸ்டிக்கை மட்டும் அங்கே போட்டுச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் இரண்டாவது. தேறியதை எடுத்து பி2-இல் போட்டு இன்னொரு சோதனை. பிழை ஸ்டிக்கோடு கூடவே போனால் ஸ்டிக். ஸ்லாட்டோடு தங்கினால் ஸ்லாட், அல்லது இன்டெல் சாக்கெட்டில் வளைந்த பின். இரண்டு ஸ்டிக்கும் எல்லா ஸ்லாட்டிலும் பிழை தந்தால், இரண்டும் ஒரே வாரத்தில் செத்திருக்கும் என்று நம்புவதைவிட சிபியூவையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (பவர் சப்ளை) சந்தேகிப்பது நியாயம். இரண்டையும் சேர்த்துச் சோதித்துவிட்டு, பிழை வந்த முகவரியைப் பார்த்து எது கெட்டது என்று கணக்குப் போடுவதும் பயனில்லை. இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடும் டூயல் சேனலில் தரவு இரண்டிலும் மாறி மாறிப் பரவியிருக்கும்.

கழற்றும்முன் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். கேபினட்டின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டிருக்கும். நைலான் சட்டையோடு ரேமைத் தொட்டால் ஸ்டாட்டிக் அடிக்க வாய்ப்பு அதிகம். திரும்பச் செருகும்போது ‘கிளிக்’ சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பல புது போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதனால் மறுமுனை அரைகுறையாக நின்றால் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம், ரேமின் தங்க நிறப் பின்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கும் வழக்கம். ரேமின் தங்க முலாம் மிக மெல்லியது. ரப்பர் அதைச் சுரண்டும், துகளை ஸ்லாட்டில் விடும். தேய்த்ததும் சரியானதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம், கழற்றித் திரும்பச் செருகியதுதான். துடைத்தே ஆகவேண்டுமானால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும்.

சிபியூ இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் ரேமுக்குக் காசு போடும்முன் பயாஸ் பதிப்பைப் பாருங்கள். அந்த சிப்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் வழியாக மைக்ரோகோட் (சிபியூவின் உள் நிரல்) திருத்தம் தந்து, பெட்டியோடு விற்ற சிபியூக்களின் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று வரும் செய்தி அதன் பிரபலமான அறிகுறி. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிபியூ பயாஸ் அப்டேட்டால் குணமாகாது; அதை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டிக்தான் என்று உறுதியானால் பில்லைத் தேடுங்கள். பல பிராண்டுகள் ரேமுக்கு நீண்டகால வாரண்டி தருகின்றன. மேலே இருக்கும் ஹீட் ஸ்பிரெடரையோ ஸ்டிக்கரையோ பிரித்தால் அது போய்விடும். ஜோடியாக வாங்கியதில் ஒன்று கெட்டாலும் இரண்டையும் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். மாற்றி வந்ததை, அல்லது எஸ்.பி. ரோட்டில் பெட்டியில்லாமல் லூஸாக வாங்கியதை, சிபியூ-இசட் மென்பொருளில், ரேம் தன்னைப் பற்றித் தரும் விவரங்களைக் காட்டும் எஸ்பிடி டேபில் பாருங்கள். பார்ட் நம்பர் ஸ்டிக்கரில் உள்ளதோடு பொருந்த வேண்டும். அதற்கும் ஒரு ராத்திரிச் சோதனை உண்டு. அது தேறிய பிறகு அட்மின் உரிமையோடு கட்டளைச் சாளரம் திறந்து, கெட்ட விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் கட்டளைகளான டிஸ்மின் (DISM) ரெஸ்டோர்ஹெல்த், அடுத்து எஸ்எஃப்சி (SFC) ஸ்கேன்நவ் என்ற வரிசையில் ஓட்டுங்கள். அப்போதும் விண்டோஸ் தள்ளாடினால், ஃபார்மேட் போட இப்போது தடையில்லை.