பழைய சுரங்கத்தில் அப்பிரகம் இருக்கும் இடத்தைப் பதிவு செய்யும் முறை

சென்னை–நெல்லூர் ரயில் பாதையிலுள்ள ஆந்திரத்துக் கூடூரை ஒட்டியும், சைதாபுரம், ராப்பூர் பக்கமாகவும் பரந்துகிடக்கும் பழைய அப்பிரகச் (மைக்கா) சுரங்கங்களில் தரையெல்லாம் மின்னும். அதை நம்பிக் குறிப்பெழுதத் தொடங்கக் கூடாது. கழிவுக் குவியலிலிருந்து சிதறிய சில்லு எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாததால், சுரங்கச் சுவரில் பாறையோடு ஒட்டியிருக்கும் அப்பிரகமே பதிவுக்கு உரியது.

முதலில் குத்தகைதாரரின் அனுமதியைப் பெறுங்கள். 2015-இல் சிறு கனிமங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட அப்பிரகம் 2025-இல் அதிலிருந்து நீக்கப்பட்டு முக்கியக் கனிமமாக்கப்பட்டதால், இப்போதைய அனுமதி விதிகளை மாநிலச் சுரங்கத் துறையிடம் கேட்டறிய வேண்டும். நீர் தேங்கிய குழிகளின் விளிம்பை நெருங்க வேண்டாம். குவார்ட்ஸ் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், உடைக்கும்போது முகக்கவசம் அவசியம்.

சிஸ்ட் எனும் அடுக்கடுக்கான உருமாறிய பாறையை ஊடுருவி நிற்கும் வெளிறிய பெக்மடைட்டை, அதாவது பெரும் படிகங்களாலான பாறையை, சுவரில் அடையாளம் காணுங்கள். கனிமங்கள் தனித்தனி மண்டலங்களாக நன்கு பிரிந்த பெக்மடைட்டில் நடுவே வெண்ணிறக் குவார்ட்ஸும் அதைச் சூழ்ந்து ஃபெல்ட்ஸ்பாரும் இருக்கும். பெரிய அப்பிரகக் கட்டிகள் பெரும்பாலும் இவ்விரண்டும் சந்திக்கும் ஓரத்திலோ, சிஸ்டை ஒட்டிய விளிம்பிலோ அமைந்திருக்கும். ஆகவே கட்டியைப் பெயர்ப்பதற்கு முன்பே, சிஸ்ட் விளிம்பிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது, அதன் தகடுகள் எத்திசையில் சாய்ந்திருக்கின்றன, அருகில் டூர்மலின், பெரில், கார்னெட் போன்ற வேறு கனிமங்கள் ஏதேனும் உண்டா என்பவற்றை எழுதிவிட வேண்டும். பெயர்த்த பிறகு இவற்றை மீட்க வழியில்லை. இப்பகுதியின் இனிகுர்த்திச் சுரங்கத்தில் ஒரு காலத்தில் பத்தடி அகலக் கட்டிகள் கிடைத்ததாகப் பதிவு உண்டு; இன்று உள்ளங்கை அளவு கிடைத்தாலே போதும்.

அடுத்தது சோதனை. கத்தி நுனியால் ஒரு மெல்லிய தகட்டை உரித்து, லேசாக வளைத்து விடுங்கள். மஸ்கோவைட் எனும் வெளிர் அப்பிரகம் என்றால் உடனே துள்ளி நிமிரும். பயோடைட் எனும் கரிய அப்பிரகம் சிதைந்தால், பொன்போல மின்னினாலும் வளைத்த இடத்திலேயே தொய்ந்து நிற்கும். பலரும் ஏமாறுவது இதில்தான். தகட்டின் முகத்தில் நகக்கீறல் பதியலாம். தகடுகளின் ஓரத்தில் குறுக்கே கீறினால் நகம் தோற்கும். பிறகு தகட்டை வெயிலுக்கு நேரே பிடித்து நிறம் பாருங்கள்: நெல்லூர் வட்டாரத்து மஸ்கோவைட் பெரும்பாலும் பச்சை சாயலுடையது, ஜார்க்கண்டின் கோடர்மாவினுடையது செம்மை கலந்தது. ஆயினும் நிறத்தை மட்டும் வைத்து ஊரைத் தீர்மானிப்பது சரியன்று. கரும்புள்ளிகள் இரும்பு ஆக்சைடாக இருக்கக்கூடும். ஆங்கில ‘ஏ’ வடிவில் கூடும் வரிகள் வளர்ச்சிக் குறைபாடு. அத்தகைய கட்டியிலிருந்து பெரிய தகடு எடுக்க இயலாது என்பதையும் குறியுங்கள்.

கட்டியின் ஓரம் சிதைந்து அறுகோண வடிவம் தெரியாவிட்டால், தகட்டைத் தோல் துண்டின்மேல் வைத்து மழுங்கிய ஊசியால் சட்டெனத் தட்டுங்கள். ஆறு கதிர்களுள்ள விரிசல் நட்சத்திரம் விரிந்து, படிகத்தின் ஒழுங்கைக் காட்டும்.

மாதிரி எடுத்த இடத்தில் சுவரில் ஓர் எண் இட்டு, மாதிரியைச் செய்தித்தாளில் மடித்து, அதே எண்ணைத் தாளிலும் பென்சிலால் எழுதுங்கள். தகட்டின்மேல் ஒட்டுநாடா கூடாது. நாடாவை எடுக்கும்போது மேலடுக்கும் சேர்ந்து உரிந்துவிடும்.