மில்லிவோல்ட், வோல்ட், கிலோவோல்ட்: புள்ளியை எந்தப் பக்கம் தள்ளுவது?

போன வாரம் கடைக்குப் புதிதாக வந்த பையன் ஒரு மொபைல் சார்ஜரை மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாற்பத்தெட்டு வோல்ட் வருது" என்றான். ஐந்து வோல்ட் தர வேண்டிய சார்ஜர் அது. எட்டிப் பார்த்தேன். 48-க்குப் பக்கத்தில், திரையின் ஓரமாக, 'எம்வி' என்று பொடி எழுத்தில் இருந்தது. மில்லிவோல்ட். அதாவது 0.048 வோல்ட். சார்ஜரில் உயிரே இல்லை.

அதனால் என் கடையில் முதல் பாடம் இதுதான்: எண்ணைப் படிக்கும் முன் அலகைப் படி.

மைக்ரோவோல்ட், மில்லிவோல்ட், வோல்ட், கிலோவோல்ட், மெகாவோல்ட். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் ஆயிரம் மடங்கு. பெரிய அலகுக்கு ஏறினால் தசமப் புள்ளி மூன்று இடம் இடப்பக்கம் போகும். சின்ன அலகுக்கு இறங்கினால் மூன்று இடம் வலப்பக்கம். அலகு சின்னதானால் எண் பெரிதாக வேண்டும். ஆகவில்லையென்றால் திசையை மாற்றிவிட்டீர்கள்.

நிறையப் பேர் தடுக்கி விழுவது பூஜ்ஜியத்தில். 48 மில்லிவோல்ட்டை வோல்ட்டாக்கச் சொன்னால் 0.48 என்று எழுதிவிடுவார்கள். 48-க்குப் பின்னால் ஒரு புள்ளி வையுங்கள். அதை 8-ஐத் தாண்டித் தள்ளுங்கள், ஒன்று. 4-ஐத் தாண்டித் தள்ளுங்கள், இரண்டு. மூன்றாவது இடத்துக்கு எண் இல்லை, அங்கே பூஜ்ஜியம் போட்டு அதையும் தாண்டுங்கள். 0.048. தாளில் பென்சிலால் வளைவு போட்டுச் செய்தால் தப்பாது.

மேலே போனால் இன்னொரு சிக்கல், நம் லட்சக் கணக்கு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் மாவட்டப் புகளூருக்கு வரும் டிசி (நேர்மின்னோட்ட) லைன் 800 கிலோவோல்ட். வோல்ட்டில் 8,00,000, எட்டு லட்சம். நம் காற்புள்ளி இரண்டிரண்டு இலக்கமாக விழுவதால் அதை நம்பிப் படி எண்ணக் கூடாது. பூஜ்ஜியத்தைத்தான் எண்ண வேண்டும். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு வரும் 11 கிலோவோல்ட் 11,000 வோல்ட்; அதிலிருந்து இறங்கி வரும் 433 வோல்ட் 0.433 கிலோவோல்ட்.

அப்புறம், எழுதும்போது ஒரு கவனம். ஆங்கிலச் சின்ன எழுத்து எம் மில்லி, பெரிய எழுத்து எம் மெகா. இரண்டுக்கும் நடுவில் நூறு கோடி மடங்கு. பில்லிலோ சர்க்யூட் படத்திலோ அவசரத்தில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கை பழக வேண்டுமா? குமிழைத் திருப்பும் சாதா மஞ்சள் மீட்டரும், ரிமோட்டில் போடும் ஒரு புது பேட்டரியும் போதும். டிசி பக்கம் '2000எம்' என்ற இடத்தில் வைத்துத் தொட்டால் 1560 போல ஏதாவது காட்டும், அது மில்லிவோல்ட். குமிழை 20-க்குத் திருப்பித் தொடுங்கள், 1.56 வரும். அதே பேட்டரி, அதே மின்னழுத்தம். புள்ளி மட்டும் மூன்று இடம் நகர்ந்திருக்கும். பையனை இதைப் பத்து பேட்டரியில் செய்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.