ஓட்டினால் மட்டும் உள்ளே வந்த தண்ணீர்: என் அனுபவம்

இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில் இருக்கும் என் நேரோபோட்டில் (ஒடுங்கிய, நீளமான கால்வாய்ப் படகு), இன்ஜின் அடியில் நாலு நாளாகத் தண்ணீர் தேங்கியது. பம்ப் அதை வெளியே தள்ளியபோது எண்ணெய்ப் படலம் மிதக்க, பக்கத்துப் படகுக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் கோபம் நியாயம்தான்.

ப்ரொப்பெல்லர் தண்டு வழியே கசிகிறது என்று கிரீஸ் திணித்தேன். தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் பேக்கிங் கயிற்றை மாற்றினேன். பலனில்லை.

பிறகுதான் கவனித்தேன்: கட்டிப்போட்டிருந்தால் ஒரு சொட்டு இல்லை, ஓட்டினால்தான் நிறைகிறது. ப்ரொப்பெல்லரில் சிக்கும் களை, கந்தலை எடுக்கத் திறக்கும் மூடி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் அதைச் சந்தேகிக்கவே தோன்றாது. ஆனால் ஓடும்போது ப்ரொப்பெல்லர் தண்ணீரை அதன்மேல் வாரியடிக்கிறது. மூடியின் ரப்பர் பட்டை ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. பழையதைச் சுரண்டிப் புதியது ஒட்டி, மூடியை இறுக்கினேன். மூன்று மணி நேரம் ஓட்டியும் உள்ளே காய்ந்திருந்தது. அப்பாடா!